ஏழு வருட ஏக்கத்துக்குப் பிறகு

2000-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. மணப்பெண் டாஃப்னி மூன், வெள்ளைக் கவுனைக்கூட மாற்றாமல் ஓடிவந்து நைல்ஸ் கிரேனோடு வண்டியேறிவிட்டாள். நைல்ஸின் நிலைமை அதைவிட மோசம். அவன் சில நாள் முன்புதான் வேறொருத்தியை அவசர அவசரமாகக் கட்டியிருந்தான். கைவிடப்பட்ட ஒரு மாப்பிள்ளை, கைவிடப்பட்ட ஒரு புது மனைவி, இரண்டையும் பின்னால் தள்ளிவிட்டு வண்டி கிளம்பியது. அத்துடன் ‘ஃப்ரேசியர்’ தொடரின் ஏழாவது சீசன் முடிந்தது. இந்த இருவரும் எப்போது சேருவார்கள் என்று ஏழு வருடமாகக் காத்துக் கிடந்த ரசிகர்களுக்கு அது திருவிழா.

அந்த அக்டோபரில் எட்டாவது சீசன் தொடங்கியது. காதலர்கள் சேர்ந்துவிட்டார்கள். சிரிப்பைத்தான் தேட வேண்டியிருந்தது.

அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களின் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான். சிரிக்க வைப்பதற்காகத் தொடங்கும் ஒரு தொடர், ஐந்தாறு வருடம் போனதும் யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள் என்ற கணக்கில் மூழ்கிவிடும். ஆனால் ஃப்ரேசியர் சாதாரணத் தொடர் இல்லை. 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதை வாங்கியது. மொத்தம் 37 எம்மி விருதுகள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 2016-ல் முந்தும்வரை கதைத்தொடர்களில் அதுதான் சாதனை. அப்படிப்பட்ட கெட்டிக்காரக் கூட்டமே இந்தப் பள்ளத்தில் விழுந்தது என்பதால்தான் அதன் கதை ஆராயத் தக்கதாகிறது.

தொடரின் அடித்தளம் எளிமையானது. ஃப்ரேசியர் கிரேன் ஒரு மனநல மருத்துவன். விவாகரத்தாகி, பாஸ்டனை விட்டு, சொந்த ஊரான சியாட்டிலுக்குத் திரும்பி வருகிறான். உள்ளூர் வானொலியில் நேயர்களின் மனப்பிரச்சினைகளுக்குத் தொலைபேசி வழியே ஆலோசனை சொல்வது அவன் வேலை. ஓப்பரா, பழைய ஒயின், இறக்குமதி நாற்காலி என்று உயர்குடி வாழ்க்கை வாழ நினைப்பவன். அவன் வீட்டில் வந்து தங்குகிறார் அப்பா மார்ட்டின், இடுப்பில் குண்டடிபட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவரோடு வருவது எடி என்ற நாயும், ஒட்டுநாடா போட்ட ஒரு பழைய சாய்வு நாற்காலியும். அப்பாவைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்படும் பிசியோதெரபிஸ்ட்தான் மான்செஸ்டரைச் சேர்ந்த டாஃப்னி. தனக்கு எதிர்காலம் தெரியும் என்று வேறு சொல்லிக்கொள்வாள். வானொலியில் ஃப்ரேசியரின் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ராஸ், வெடுக்கென்று பேசுகிறவள். பீர் குடிக்கும் அப்பாவும் ஷெர்ரி குடிக்கும் மகனும் ஒரே கூரையின் கீழ். சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ், முதல் திட்டத்தில் இல்லவே இல்லை. டேவிட் ஹைட் பியர்ஸ் என்ற நடிகரின் புகைப்படத்தைப் பார்த்தபோது, கதாநாயகன் கெல்சி கிராமரின் இளவயதுச் சாயல் அதில் இருந்ததாம். அந்தச் சாயலுக்காகவே தம்பி என்று ஒருவனை உருவாக்கினார்கள். அண்ணனே ஒரு பகட்டுக்காரன் என்றால், தம்பி அவனுக்கும் மேலே. காபிக் கடையில் உட்காரும் முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பான். மாரிஸ் என்று பெரும் பணக்கார மனைவி ஒருத்தி அவனுக்கு உண்டு. பதினொரு வருடத்தில் அவள் முகத்தை நாம் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. அவளைப் பற்றிப் பிறர் சொல்லும் வர்ணனைகள் போகப் போக எவ்வளவு விபரீதமாயின என்றால், எந்த நடிகையாலும் அந்த உருவத்துக்கு ஈடுகொடுத்திருக்க முடியாது.

மூன்றாவது எபிசோடில் நைல்ஸ் முதன்முதலாக டாஃப்னியைப் பார்க்கிறான். அந்தக் கணமே விழுந்துவிடுகிறான். அவள் பின்னால் நின்று கூந்தலை முகர்ந்து பார்ப்பது போன்ற சின்னச் சின்னக் கிறுக்குத்தனங்கள் தொடங்குகின்றன. இது அண்ணனுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், ராஸுக்குத் தெரியும். நாய்க்கும் தெரிந்திருக்கும். டாஃப்னிக்கு மட்டும் தெரியாது.

அந்த ஒரு ‘தெரியாது’ தொடருக்கு அள்ளிக் கொடுத்தது கொஞ்சமில்லை.

1996 பிப்ரவரியில் வந்த ‘மூன் டான்ஸ்’ எபிசோட். மாரிஸைப் பிரிந்திருக்கும் நைல்ஸ் ஒரு பெரிய மனிதர்கள் விருந்துக்குப் போக வேண்டும், நடனம் தெரியாது. டாஃப்னி சொல்லித் தருகிறாள், கடைசியில் அவளே துணையாகவும் போகிறாள். டாங்கோ ஆடும்போது நைல்ஸ் துணிந்து தன் மனதைச் சொல்லிவிடுகிறான். அவளும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறாள். அவன் மிதக்கிறான். ஆட்டம் முடிந்ததும்தான் தெரிகிறது, மற்றவர்கள் முன்னால் அவன் நடிக்கிறான் என்று நினைத்து அவளும் நடித்திருக்கிறாள். அவன் முகம் வாடுவதைப் பார்க்கையில் சிரிப்பும் பரிதாபமும் ஒன்றாக வரும். கெல்சி கிராமரே இயக்கிய எபிசோட் அது.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று. டாஃப்னியின் பழைய காதலன் கிளைவ் இங்கிலாந்திலிருந்து வந்து நிற்கிறான். அவன் மனம் நோகாமல் தட்டிக்கழிக்க, தனக்குக் கல்யாணமாகிவிட்டது, இவர்தான் என் கணவர் என்று நைல்ஸைக் காட்டுகிறாள். நைல்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பொய் அடுத்த பொய்யைக் குட்டி போட, வீட்டுக்குள் நுழைந்த ராஸ் மாரிஸாக்கப்படுகிறாள். அப்பா மார்ட்டின் தன் பங்குக்கு ஓய்வுபெற்ற விண்வெளி வீரராகிவிடுகிறார். எல்லாப் பொய்யும் ஒரே அறையில் மோதிக்கொள்கின்றன. எழுதியவர் ஜோ கீனன், நாவலாசிரியராக இருந்து தொலைக்காட்சிக்கு வந்தவர்.

கீனனின் கைவரிசை உச்சத்துக்குப் போனது 1998 பிப்ரவரியில், ‘தி ஸ்கீ லாட்ஜ்’ எபிசோடில். பனிமலையில் ஒரு விடுதி, ஒரே ஒரு இரவு. டாஃப்னியின் தோழி ஆனி உடன் வந்திருக்கிறாள். கீ என்ற பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பயிற்சியாளன் ஒருவன் இருக்கிறான். ஃப்ரேசியரின் கண் ஆனி மேல். ஆனியின் கண் நைல்ஸ் மேல். நைல்ஸுக்கு வழக்கம்போல் டாஃப்னி. டாஃப்னிக்குப் பிடித்தது கீயை. கீக்குப் பிடித்ததோ நைல்ஸை! போதாக்குறைக்கு, அப்பாவுக்குக் காது அடைத்துப்போய் ஒருவர் சொல்வதை இன்னொன்றாகக் கேட்டு, தப்பான ஆளுக்குத் தப்பான நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறார். இரவு முழுக்கக் கதவுகள் திறக்கின்றன, மூடுகின்றன. ஒவ்வொருவரும் தப்பான அறைக்குள் போய் நிற்கிறார்கள். எல்லாக் குழப்பமும் வெளுத்த பிறகு ஃப்ரேசியர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறான். இத்தனை பேர் இத்தனை பேரைத் துரத்தியதில் தன்னைத் துரத்திய ஆள் ஒருத்தர்கூட இல்லை. அந்தக் கணக்குதான் எபிசோடின் கடைசிச் சிரிப்பு.

இந்த இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் உறவுச் சிக்கலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஆளுக்கு ஆள் காதல், ஆளுக்கு ஆள் ஏமாற்றம். காதல் நுழைந்தால் காமெடி செத்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த எபிசோடை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆசைப்பட்டவர்கள் அத்தனை பேரும் அசடாகத் தெரிகிறார்கள், எழுத்தாளர் யாருக்கும் கருணை காட்டவில்லை. யாருக்கு யார் பொருத்தம் என்ற கவலையே அங்கு இல்லை.

நைல்ஸாக நடித்த பியர்ஸின் திறமையையும் சொல்லியாக வேண்டும். 1999 காதலர் தின எபிசோடின் முதல் பகுதியில் அவர் தனியாக ஒரு பெண்ணின் வருகைக்காகக் காத்திருக்கிறார். கால்சட்டையில் ஒரு நூல் பிரிந்திருப்பது கண்ணில் படுகிறது. அதைச் சரிசெய்யப் போய் விரலில் ரத்தம், ரத்தத்தைப் பார்த்ததும் மயக்கம், மயங்கிக் கிடக்கும் நேரத்தில் இஸ்திரிப் பெட்டியால் தீ. ஏறக்குறைய வசனமே இல்லாமல் நாயை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுச் சோபாவை எரித்துவிடுகிறார். ஒரு சந்திப்பு கச்சிதமாக அமைய வேண்டுமே என்ற பதற்றம்தான் அத்தனை நாசத்துக்கும் காரணம். பதினொரு சீசனுக்கும் எம்மி பரிந்துரை வாங்கிய அவர், நான்கு முறை வென்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்ற வேண்டும்?

முதல் காரணம், நீளம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சீசன் என்றால் அப்போது 24 எபிசோட். நூறு எபிசோடை ஒட்டி வந்துவிட்டால் தொடரின் மறுஒளிபரப்பு உரிமையை நாடெங்கும் உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு விற்கலாம். தயாரிப்பாளர் பெரும் பணம் பார்ப்பது அங்கேதான். அந்த எல்லையைத் தாண்டிவிட்ட வெற்றித் தொடரை நிறுத்த யாருக்கும் மனம் வராது. நடிகர்களின் சம்பளமும் ஏறும். கடைசி இரண்டு சீசன்களுக்கு கிராமர் எபிசோடுக்கு 16 லட்சம் டாலர் வாங்கியதாக அன்று செய்தி வந்தது. ஃப்ரேசியர் மொத்தம் 264 எபிசோட் ஓடியது. ஒரு மனிதன் ஒரு பெண்ணின் கூந்தலை 264 எபிசோட் முகர்ந்துகொண்டே இருக்க முடியுமா? மூன்றாம் வருடம் வெகுளியாகத் தெரிவது பத்தாம் வருடம் வியாதியாகத் தெரியும். அவள் கவனிக்கவே இல்லை என்பதை நம்புவதும் கடினம். நம்முடைய மெகா சீரியல்களின் இழுவைக்குப் பழகிய கண்களுக்குக்கூட அது அதிகம்தான்.

இரண்டாவது காரணம், தாய் வீட்டு அனுபவம். ஃப்ரேசியர் என்ற பாத்திரமே ‘சியர்ஸ்’ என்ற முந்தைய தொடரிலிருந்து வந்தது. பாஸ்டன் மதுக்கடை ஒன்றில் நடக்கும் கதை அது, 1982 முதல் 1993 வரை ஓடியது. கடை நடத்தும் சாம், அங்கே பரிமாற வந்த படித்த பெண் டயான், இவர்களின் ஊடலும் கூடலும்தான் முதல் ஐந்து வருடம். அந்த இருவருக்கும் நடுவில் ஒரு தடையாக 1984-ல் கொண்டுவரப்பட்டவன்தான் ஃப்ரேசியர். அடுத்த ஆண்டு டயான் அவனை மணமேடையில் விட்டுவிட்டுப் போனாள். விடப்பட்டவன் மதுக்கடையின் ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்தான், அங்கிருந்து இருபது வருடம் அமெரிக்காவைச் சிரிக்க வைத்தான். டயானாக நடித்த ஷெல்லி லாங் 1987-ல் விலகினார். காதல் ஜோடியில் பாதி போய்விட்டதே, தொடர் அவ்வளவுதான் என்றார்கள். கதை மதுக்கடையின் மொத்தக் கும்பலையும் நோக்கித் திரும்பியது. 1990-91-ல் அது அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட தொடராகவே ஆனது. காதலைத் தூக்கி ஓரமாக வைக்கலாம், ஒன்றும் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் தாய் வீட்டின் இந்தப் பாடத்தைப் பிள்ளை எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பயமுறுத்தும் கதையும் உலவியது. 1985-ல் தொடங்கிய ‘மூன்லைட்டிங்’ என்ற துப்பறியும் தொடரில் புரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். 1987-ல் அவர்களைச் சேர்த்து வைத்தார்கள், தொடர் சரிந்தது. ‘ஜோடியைச் சேர்த்தால் தொடர் காலி’ என்ற நம்பிக்கை அன்று முதல் எழுத்தாளர்கள் அறையில் ஒரு சாபம்போல் நிலைத்துவிட்டது. உண்மையில் அந்தச் சரிவுக்கு வேறு காரணங்கள் வரிசையாக இருந்தன. படப்பிடிப்பு எப்போதும் தாமதம், ஷெப்பர்டுக்கு இரட்டைக் கர்ப்பம், வில்லிஸுக்குக் காறை எலும்பு முறிவு, பிறகு ‘டை ஹார்ட்’ படம், தொடரை உருவாக்கியவர் வெளியேறியது, 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தம். இருவரும் ஒரே காட்சியில் தோன்றுவதே அரிதாகிவிட்டால் எந்தக் காதல் எடுபடும்?

ஃப்ரேசியர் குழு கத்திமேல் நடப்பது தெரிந்தேதான் நடந்தது. முதல் நகர்வு அபாரம். மாரிஸிடமிருந்து விவாகரத்து வாங்கினால்தானே டாஃப்னியிடம் போக முடியும்? அதற்காக நைல்ஸ் டானி டக்ளஸ் என்ற சூரப்புலி வழக்கறிஞரை அமர்த்துகிறான். மாரிஸின் பரம்பரைச் சொத்து ஆண்கள் கழிப்பறையில் நாற்றம் போக்கப் போடும் வில்லைகளை விற்றுச் சேர்த்தது என்ற ரகசியம் வெளிவருகிறது. அதை வைத்து டானி வழக்கை முடித்துக் கொடுக்கிறான். நைல்ஸுக்கு விடுதலை. ஆனால் அதற்குள் டாஃப்னி டானியையே காதலிக்கத் தொடங்கியிருக்கிறாள்! கூலி கொடுத்துக் கூப்பிட்டு வந்தவனே ஆசையைக் கொத்திக்கொண்டு போகிறான். தொடரின் ஆரம்ப வருடங்களின் குரூரமான குறும்பு இதில் முழுசாக இருக்கிறது.

1999 டிசம்பரில் அடுத்த நகர்வு. முதுகுவலிக்கு மருந்து சாப்பிட்டுப் போதையில் இருக்கும் ஃப்ரேசியர், தம்பிக்கு உன்மேல் பைத்தியம் என்று டாஃப்னியிடம் உளறிவிடுகிறான். இப்போது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது நைல்ஸுக்குத் தெரியாது. அவள் தடுமாற, அவன் மெல் என்ற புதிய தோழியோடு ஊரைச் சுற்றுகிறான். ஆறு வருடப் பகடையைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஏழாவது சீசன் முடிவு வரை இது பிரமாதமாகவே நடந்தது.

எட்டாவது சீசனில் சிக்கல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், கைவிடப்பட்ட மாப்பிள்ளை டானியிடமும் கைவிடப்பட்ட புது மனைவி மெல்லிடமும் தொடங்கியது. இருவரும் உண்மையாகவே காயம்பட்டவர்கள். டானி வழக்குப் போடுகிறான். மெல் ஒரு நிபந்தனை வைக்கிறாள்: ஊர் வாயை மூட, விருந்துகளில் கொஞ்ச நாளைக்கு நைல்ஸ் அவளுடைய கணவனாகவே நடிக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இதுவும் ஒரு கூத்துக்கான விதை. கிளைவ் எபிசோடில் பொய்க் கணவன், இங்கே பொய்யாகத் தொடரும் கணவன். ஆனால் கிளைவ் எபிசோடில் யாருக்கும் குற்றவுணர்வு இல்லை. இங்கே ஒவ்வொரு காட்சியும் மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. காதலர்கள் நல்லவர்கள்தான், இந்தக் காதலுக்கு அவர்கள் தகுதியானவர்கள்தான் என்று எழுத்தாளர்கள் நமக்கு நிரூபிக்கத் தொடங்கிவிட்டார்கள். கெட்ட பெயர் சுமக்க மெல் வேண்டியிருந்தது, ஆகவே அவள் கொடுமைக்காரியாக ஆக்கப்பட்டாள்.

சிரிப்பு நழுவிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. நைல்ஸ் சில்லறைப் புத்திக்காரனாக, கோழையாக, பகட்டுக்காரனாக இருந்தவரை அவனை வைத்து எதையும் செய்யலாம். நல்ல காதலனாக இருக்க வேண்டிய பொறுப்பு வந்ததும் அவன் பக்குவமாகப் பேசுகிறான், பொறுத்துப் போகிறான். நாற்காலியைத் துடைக்கும் கைக்குட்டையே மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகிறது. டாஃப்னிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். முதல் வருடங்களில் அவள் பேச ஆரம்பித்தால் பாட்டி, மாமா, பக்கத்து வீட்டுக்காரன் என்று சம்பந்தமில்லாத மான்செஸ்டர் கதையெல்லாம் வரும். கிரேன் சகோதரர்களின் பவிசைப் பார்த்து அவள் சொல்லும் ஒரு வரி போதும், சபை சிரிக்கும். ஜோடியில் பாதியான பிறகு வெளியிலிருந்து பார்த்துக் கேலி செய்யும் அந்த இடம் போய்விட்டது. அதை நிரப்ப அவளுடைய குடிகார அண்ணன் சைமனும் சிடுசிடு அம்மாவும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானார்கள். சைமனாக வந்த ஆன்டனி லாபாக்லியாவுக்கு எம்மிகூடக் கிடைத்தது. ஆனால் வீட்டுக்குள் கூட்டம் சேரச் சேர, அப்பா-மகன் சண்டைக்கு இடம் குறைந்தது. இந்தத் தொடர் எழுப்பப்பட்டதே அந்தச் சண்டையின் மேல்தான்.

இதில் வாழ்க்கையும் குறுக்கிட்டது. டாஃப்னியாக நடித்த ஜேன் லீவ்ஸ் அந்த நேரத்தில் கர்ப்பமாக இருந்தார். கதையில் டாஃப்னிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆகவே அவள் கண்டபடி சாப்பிட்டு எடை கூடிவிட்டாள் என்று எழுதினார்கள். பல வாரம் பருமன் கேலி ஓடியது. பிறகு உடல் இளைக்கும் முகாமுக்குப் போய்விட்டாள் என்று அவரைப் பிரசவத்துக்கு அனுப்பினார்கள். ஏழு வருடம் காத்திருந்து சேர்ந்த ஜோடியில் ஒருத்தியே சில எபிசோடுகளுக்கு ஊரில் இல்லை! அவள் திரும்பி வரும் எபிசோட் மட்டும் விதிவிலக்கு. தான் இத்தனை நாள் கும்பிட்டது கற்பனையில் செய்துவைத்த ஒரு டாஃப்னியை என்று நைல்ஸ் புரிந்துகொள்கிறான். அந்த உயரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் அவள் சாப்பிட்டுத் தள்ளினாள் என்று பருமனுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஒரு சமாளிப்பை உளவியலாக மாற்றிய சாமர்த்தியம் அது. கண்ணை நிறைத்த அந்த எபிசோட் வயிறு குலுங்க வைக்கவில்லை.

எழுத்தாளர் அறையும் கலைந்திருந்தது. தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவரான டேவிட் ஏஞ்சலும் அவர் மனைவியும் 2001 செப்டம்பர் 11 அன்று, கடத்தப்பட்ட விமானத்தில் இறந்துபோனார்கள். ஏழாவது சீசன் முடிவை எழுதிய கிறிஸ்டோபர் லாயிடும் (‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்து நடிகர் வேறு, இவர் வேறு) ஜோ கீனனும் இடையில் விலகிப் போயிருந்தார்கள். ஆகவே சரிவு முழுவதையும் காதல் தலையில் கட்டுவது நியாயமாகாது. சிறந்த நகைச்சுவைத் தொடர் விருதே 1998-க்குப் பிறகு கிடைக்கவில்லை, அப்போது நைல்ஸ் இன்னும் ஏங்கிக்கொண்டுதான் இருந்தான்.

மற்ற தொடர்கள் இதே வேலையை எப்படிச் செய்தன? ‘சைன்ஃபெல்ட்’ வாசலிலேயே மறித்தது. கட்டிப்பிடிப்பதும் கிடையாது, பாடம் கற்பதும் கிடையாது என்பது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட்டின் சட்டம். ஜெர்ரியையும் எலெய்னையும் சேர்த்து வைக்கச் சொல்லி என்.பி.சி. நச்சரித்தது. 1991-ல் ஒரு எபிசோடில் சேர்த்து வைத்தார்கள், பிறகு அப்படி ஒன்று நடக்காததுபோல் அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் சாண்ட்லரும் மோனிகாவும் லண்டனில் சேர்ந்தது முதலில் ஒரு தற்காலிக வேடிக்கையாகத்தான் நினைக்கப்பட்டது. அரங்கில் இருந்த பார்வையாளர்கள் போட்ட கூச்சலில் அது கல்யாணம் வரை போனது. அந்த ஜோடி வேடிக்கையாகவே இருந்ததற்குக் காரணம் எளிது, மோனிகாவின் சுத்தப் பைத்தியமும் சாண்ட்லரின் வாய்க் கொழுப்பும் கல்யாணத்தால் மாறவில்லை. அதே தொடரில் ஜோயிக்கும் ரேச்சலுக்கும் முடிச்சுப் போட்டபோது நடிகர்களுக்கே உடன்பாடில்லை.

‘தி ஆஃபீஸ்’ இரண்டு வழிகளையும் காட்டுகிறது. பிரிட்டிஷ் மூலம் பன்னிரண்டு எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புக் கதையும் மட்டும். காதலர்கள் சேர்ந்த கையோடு திரை விழுந்தது. அமெரிக்க வடிவம் 201 எபிசோட். ஜிம்முக்கும் பாமுக்கும் 2009-ல் நயாகராவில் கல்யாணம். அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஓட்ட வேண்டும். கடைசி சீசனில் அவர்கள் மணவாழ்க்கையில் விரிசலை உண்டாக்கி, அழும் பாமுக்கு ஆறுதல் சொல்ல ஒலிவாங்கி பிடிக்கும் படக்குழு ஆள் ஒருவனையே கதைக்குள் இழுத்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ இன்னும் ஒரு படி மேலே. கடைசி சீசன் மொத்தமும் ஒரே ஒரு கல்யாண வார இறுதி, முடிவு எபிசோடிலோ அந்த ஜோடிக்கு விவாகரத்து, தலைப்பில் உள்ள அம்மாவுக்கு மரணம். கதையைக் கேட்கும் குழந்தைகளின் இறுதிக் காட்சியை அவர்கள் வளர்ந்துவிடும் முன்பே ஆரம்ப வருடங்களில் எடுத்து வைத்திருந்தார்கள். அதனால் நடுவில் கதை எங்கே போயிருந்தாலும் முடிவு மட்டும் பெட்டியில் மாறாமல் காத்திருந்தது.

ஃப்ரேசியருக்கு ஒரு மீட்சி கிடைத்தது. பதினோராவது, கடைசி சீசனுக்கு லாயிடும் கீனனும் திரும்பி வந்தார்கள். அவர்கள் நைல்ஸையும் டாஃப்னியையும் பிரித்து வைக்கவில்லை. அப்பாவாகப் போகிறவனாக நைல்ஸைப் பழையபடி பதற விட்டார்கள், அவ்வளவுதான். ஏங்கும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். ஃப்ரேசியர், சார்லட் என்ற பெண்மேல் ஆசைப்பட்டு அவஸ்தைப்பட்டான். சார்லட்டாக வந்தவர் லாரா லின்னி. 2004 மே 13-ல் இறுதி எபிசோட். அப்பா மார்ட்டினின் கல்யாண மோதிரத்தை நாய் விழுங்கிவிட, எல்லோரும் கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார்கள். அங்கே டாஃப்னிக்கு வலி வந்து, நாய் பூனைகளுக்கான அந்த மருத்துவமனையிலேயே பிரசவம். பிறந்த பையனுக்கு டேவிட் என்று பெயர், மறைந்த ஏஞ்சலின் நினைவாக. அந்த ஆண்டு கிராமர், பியர்ஸ், லின்னி மூவரும் எம்மி வாங்கினார்கள்.

2023-ல் ஃப்ரேசியரை மறுபடி உயிர்ப்பித்தார்கள், இம்முறை பாஸ்டனில், பாரமவுண்ட் பிளஸ் தளத்துக்காக. அப்பாவாக நடித்த ஜான் மஹோனி 2018-ல் காலமாகியிருந்தார். டேவிட் ஹைட் பியர்ஸ் வர மறுத்துவிட்டார். நைல்ஸ் இல்லாமல் ஓட்ட முடியாது என்பது எழுத்தாளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நைல்ஸ்-டாஃப்னியின் மகன் டேவிட்டை ஹார்வர்டு மாணவனாகக் கொண்டுவந்தார்கள். அப்பனைப் போலவே ஒல்லி, அப்பனைப் போலவே பயந்தாங்கொள்ளி. தொடர் இரண்டே சீசனில், இருபது எபிசோடோடு, 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது.